பூசுறதுக்கு முன்னால பாரு

நேற்று ராத்திரி பத்து மணிக்குக் கண்டரமாணிக்கத்திலிருந்து தங்கச்சி போன். "அக்கா, பிள்ளைக்குக் கழுத்தெல்லாம் பொரிப்பொரியா இருக்கு. அப்பத்தா வசம்பு சுட்டுப் பூசணுங்கிறாக, அயித்தை போன்ல பவுடர் போடச் சொல்றாக, பக்கத்து வீட்டு ஆச்சி அக்கி எழுதணுங்கிறாக. நான் எதைச் செய்ய?"

"ஒண்ணும் செய்யாத. லைட்டைப் போட்டு, எங்கெங்கே இருக்குன்னு பார்த்துச் சொல்லு" என்றேன்.

ரெண்டு பிள்ளை வளர்த்ததில் நான் கற்றது இதுதான். பச்சைப்பிள்ளையின் தோல் நம் தோலைவிட மெல்லிசு. மேலே பூசுவது சுலபமாக உள்ளே இறங்கும். அதனால் என்ன பூசலாம் என்று கேட்பதற்கு முன்னால், எந்த இடத்தில் வந்திருக்கிறது என்று பார். பாதி விடை அதிலேயே இருக்கும்.

கழுத்து, முதுகு, நெற்றி: வேர்க்குரு

பிள்ளைக்கு வேர்வைக் குழாய் இன்னும் சரியாக முதிரவில்லை. கத்திரி வெயிலில் வேர்வை வெளியே வர வழியில்லாமல் தோலுக்கடியில் தங்கிவிடும். சிலது பனித்துளி மாதிரி இருக்கும், சிலது சிவந்து அரிக்கும். இதற்கு மருந்து குளிர்ச்சிதான்.

• தொப்பி, சாக்ஸ், ஃபிளானல் எல்லாவற்றையும் கழற்று. மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும்.
• தூளி பிள்ளையைச் சுற்றி மூடிக்கொள்ளும், உள்ளே காற்று வராது. பகலில் வளவுப் பக்கம் ஆத்தங்குடிக் கல் தரையில் பாய் விரித்து, துணி போட்டுக் கிடத்து. தூளி கட்டினால் துவைத்துத் துவைத்து நைந்த பழைய சேலையில் கட்டு.
• ஈரத்துணியால் கழுத்து மடிப்பைத் துடைத்து, ஒற்றி உலர்த்து. வேர்க்குரு மேல் எண்ணெய் வேண்டாம், அடைப்பு கூடும்.
• பவுடர் வேர்வையில் குழைந்து மடிப்பில் திரளும். தூசி பிள்ளையின் நுரையீரலுக்கும் போகும்.
• நுங்குத் தண்ணீர் நமக்குச் சரி. ஆறு மாசம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம்.

பிறந்த ரெண்டு மூணு நாளில் வரும் சிவப்பு

கொசு கடித்த மாதிரி சிவப்புத் திட்டு, நடுவில் வெளிர்மஞ்சள் புள்ளி. 'செவ்வாப்பு' என்று பதறுவார்கள். பிள்ளை நன்றாகப் பால் குடித்தால், காய்ச்சல் இல்லாவிட்டால், ஒன்றும் பூசாமல் ஒன்றிரண்டு வாரத்தில் தானே போய்விடும். பிறந்ததிலிருந்தே புட்டத்தில் இருக்கும் நீலத் திட்டும் அடிபட்டது இல்லை. வளர வளர மங்கிவிடும்.

இடுப்புக்குக் கீழே: மேடா, மடிப்பா?

சிவப்பு புட்டத்து மேட்டில் மட்டும் இருந்து, தொடை இடுக்கு சுத்தமாக இருந்தால் அது ஈரத்தால் வந்தது. டயாப்பரைக் கழற்றிக் கொஞ்ச நேரம் காற்றாட விடு. தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, ஜிங்க் ஆக்ஸைடு களிம்பைத் தோசை மாவு மாதிரி கெட்டியாகப் போடு.

இடுக்குக்குள்ளேயே கருஞ்சிவப்பாக இருந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளி சிதறியிருந்தால் அது பூஞ்சை. வாய்க்குள்ளும் வெள்ளைப் படிவு இருக்கிறதா பார். இதற்கு டாக்டர் மருந்துதான்.

இடுப்பைச் சுற்றி வட்டமாகச் சிவந்திருந்தால் அரைஞாண் கயிற்றைத் தொட்டுப் பார். குளித்த ஈரம் அதில் அப்படியே நிற்கும். ஒரு வாரம் கழற்றி வைத்தால் குலதெய்வம் கோபித்துக்கொள்ளாது.

தலை: மஞ்சள் பொருக்கு

நகத்தால் பெயர்க்காதே. தேங்காய் எண்ணெய் தடவி அரைமணி ஊறவிட்டு, மெல்லிய பிரஷால் நீவி, அன்றைக்கே பிள்ளை ஷாம்பூ போட்டு அலசிவிடு. எண்ணெயை அப்படியே விட்டால் பொருக்கு இன்னும் ஒட்டும்.

கன்னம், முழங்கை, முழங்கால்: கரப்பான்

தோல் காய்ந்து சொரசொரக்கும். அரிப்பு தாங்காமல் பிள்ளை உன் தோளில் முகத்தைத் தேய்க்கும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிஷத்துக்குள் குளிப்பாட்டு, பயத்தம் மாவு போட்டு உரசாதே. ஒற்றித் துடைத்த ஈரம் காயும் முன்னே தேங்காய் எண்ணெயோ வாசனையில்லாத கிரீமோ தடவு. மலேசியாவிலிருந்து வந்த ஆலிவ் எண்ணெய் சமையலுக்கு இருக்கட்டும். பிள்ளைத் தோலின் காப்பை அது தளர்த்தும்.

கரப்பான் பண்டம் என்று உன் தட்டிலிருந்து கத்திரிக்காய், மீன் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். டாக்டர் சொல்லாமல் நீ பட்டினி கிடக்காதே.

என் மூத்தவனுக்கு அஞ்சாம் மாசம் கரப்பான் வந்தபோது மருந்துக்கடையில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கினேன். ரெண்டே நாளில் கன்னம் பளிச்சென்று ஆனது. நிறுத்தினேன், முன்னைவிடச் சிவந்து கிளம்பியது. டாக்டர் ட்யூப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், மூணும் ஒண்ணாக் கலந்ததும்மா" என்றார். 2018-லேயே ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. டாக்டரைக் கேட்காமல் வாங்கியது என் தப்பும்தான். டாக்டரே அளவு சொல்லிக் கொடுத்தால் பயப்படாமல் போடு.

இதற்கெல்லாம் விடியும்வரை காத்திருக்காதே

• மூணு மாசத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல்.
• நீர்க்கொப்புளம், சீழ், தேன் நிறப் பொருக்கு. காவி குழைத்து அக்கி எழுதினால் புண் எப்படி இருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியாமல் போகும். அம்மை என்று தோன்றினால் மீனாட்சிபுரம் முத்துமாரிக்குக் காசு முடிந்து வை, ஆனால் டாக்டரிடமும் காட்டு.
• பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால்.
• கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையாத செம்புள்ளி, ஊதாப்புள்ளி. 108-க்குப் போன் போடு.

இன்றைக்குக் காலையில் தங்கச்சி படம் அனுப்பியிருந்தாள். ஃபிளானல் சட்டையும் தொப்பியும் கொடியில் தொங்க, பிள்ளை பாயில் வெறும் மேலோடு கால் உதைத்துக்கொண்டிருக்கிறான். கழுத்துச் சிவப்பு பாதி அடங்கியிருந்தது.

"அப்பத்தா வசம்பைக் கையில வச்சுக்கிட்டே நிக்கிறாகக்கா, என்ன சொல்ல?"

"நாக்குல தடவவும் வேணாம், மேல பூசவும் வேணாம். ஐயாவோட பழைய கணக்கு நோட்டுப் பெட்டியில போடச் சொல்லு. பூச்சி அண்டாது."