பயணப் படமும் தன்னை அறிதலும்

கண் புறத்தே உள்ள பொருளையெல்லாம் காணும். தன்னை மட்டும் காணாது. தன்னைக் காண அதற்கு ஓர் ஆடி வேண்டும். மனிதன் மனமும் இத்தகையதே. பிறந்த ஊரில், பழகிய முகங்களுக்கிடையே வாழுங்கால் அவன் தன் இயல்பைத் தான் அறிவதில்லை. வேற்றூர் அடைந்து, வேற்று மொழி கேட்டு, வேற்று உணவு உண்ணும்போதே தான் இன்னான் என்பது அவனுக்குப் புலனாகத் தொடங்குகின்றது. அங்ஙனம் செல்வோன் தான் கண்டவற்றைப் படமாக்கவும் முற்படின், அவ்வறிவு மேலும் கூர்மையடையும். ஏனெனில், படம் எடுப்பவன் ஒவ்வொரு நொடியும், ‘இதனை எடுப்பேன், இதனை விடுப்பேன்’ என்று தேர்ந்தே தீர வேண்டும். அவன் எடுத்தவற்றைக் காட்டிலும் விடுத்தவையே அவன் உள்ளத்தைப் பெரிதும் வெளிப்படுத்தும். இவ்வுண்மையை மூன்று சான்றுகளால் விளக்கி, என் சிறு அனுபவம் ஒன்றையும் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழிச்செலவை ஓவியமாக்கும் கலை தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஐந்து, ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை ஒழிந்த நான்கிலும், பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையால் வாடி எதிர்வரும் மற்றொருவனுக்கு வள்ளல்பாற் செல்லும் வழியைக் கூறுகின்றான். அவற்றுள்ளும் மலைபடுகடாம் நம் நிலத்திற்கு அண்மையது. அதன் பாட்டுடைத் தலைவனாகிய நன்னனது செங்கண்மா, சவ்வாது மலைக்கு அப்பால் இன்று செங்கம் என வழங்கும் ஊரே. அப்பாட்டிற் பெருங்கௌசிகனார் வழியிடைக் காட்சிகளைக் காட்டுவதோடு அமையாது, மலையில் எழும் பல்வேறு ஓசைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் கேட்பிக்கின்றார். வழி கூறுவோன் தன் பெருமையைப் பேசுவதில்லை. ஆயினும், எதிர்வருவோனது பசியை அவன் நன்கறிந்து பேசுவதிலிருந்து, தானும் நேற்று அந்நிலையில் இருந்தவன் என்பது நமக்கு விளங்கிவிடுகின்றது. வழியைக் காட்டும் வாயிலாகத் தன்னைக் காட்டும் இந்நெறியே பயணப் படத்திற்கும் உயிராவது.

இனி, மேனாட்டுச் சான்றொன்று காண்போம். இராபர்ட் பிளாகர்ட்டி என்பார் கனடா நாட்டின் வடபால் உள்ள அட்சன் குடாப் பகுதிக்குத் தாதுப்பொருள் தேடும் பணியிற் சென்றவர். அங்கு வாழும் இனுவிட்டு மக்களைப் படம் எடுத்து வந்தார். 1916ஆம் ஆண்டில் அவர் டொராண்டோ நகரில் அப்படச்சுருளைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது, கைநழுவி வீழ்ந்த சிகரெட்டின் நெருப்பால் ஏறக்குறைய 30,000 அடி நீளச் சுருள் எரிந்தொழிந்தது. வேறொருவராயின் மனமுடைந்து போயிருப்பர். அவரோ தம் இழந்த படத்தைத் தாமே நடுநின்று ஆராய்ந்தார். இங்கொரு காட்சியும் அங்கொரு காட்சியுமாக, தம்முள் தொடர்பற்றுக் கிடந்தது அது எனக் கண்டார். மீண்டும் வடபுலம் சென்று, ஒரு குடும்பத்தை நடுவாக வைத்து எடுத்த படமே 1922ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நானூக்’. அதன் காட்சிகள் சில நடிக்கச் செய்து எடுக்கப்பட்டவை என்னும் குறை அதற்கு உண்டு; அதனை மறைத்தல் தகாது. எனினும், பலவற்றைக் காணுதல் வேறு, ஒன்றனை உணர்தல் வேறு என்பதை அவர் தீயினிடத்துக் கற்றார் என்னலாம்.

மூன்றாம் சான்று, தமிழர் பெருமைக்குரிய ஏ. கே. செட்டியார். இவர் 1911ஆம் ஆண்டு செட்டிநாட்டுக் கோட்டையூரிற் பிறந்தவர். இரங்கூனில் ‘தனவணிகன்’ இதழை நடத்தியவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் செல்லும் கப்பலில், காந்தியடிகளின் வாழ்க்கையைச் செய்திப் படமாக்க வேண்டும் என்னும் எண்ணம் இவர் உள்ளத்தில் உதித்தது. அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். செட்டியாருக்கோ அப்போது இருபத்தாறு வயதும் நிரம்பவில்லை. கையிற் பெரும்பொருள் இல்லை, ஆட்சியோ ஆங்கிலேயருடையது, சின்னாளிற் போரும் மூண்டது. ஆயினும் இவர் ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா எனக் கண்டம் பல கடந்து, ஏறக்குறைய ஓரிலட்சம் மைல் பயணம் செய்தார். நூற்றுவர் அளவினரான படப்பிடிப்பாளர்கள் முப்பதாண்டுக் காலத்தில் எடுத்திருந்த சுருள்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். சேர்ந்தவை சுமார் 50,000 அடி. அவற்றினின்று 12,000 அடியைத் தேர்ந்து தொகுத்த படம் 1940ஆம் ஆண்டிற் சென்னையில் வெளிவந்தது.

இப்பெருமுயற்சியின் வரலாற்றை ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் நூலாக இன்று நாம் படிக்கலாம். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்னும் அவரது நூற்பெயர் அவருக்கே அடைமொழியாயிற்று. இவ்வளவு சுற்றியும், தம் எழுத்திலே தம்மை முன்னிறுத்த நாணியவர் அவர். தம் சாதனையை முழக்காது, கண்ட மனிதர்களையும் கேட்ட சொற்களையும் சிறுசிறு வாக்கியங்களில், மெல்லிய நகைச்சுவையோடு கூறிச் செல்வார். ஆயின் அவர் தம்மை அறிந்திலரோ? அறிந்தார். கலை பயிலச் சென்ற இளைஞர், தாம் செய்தற்குரிய பணி இதுவென்று நடுக்கடலில் தெளிந்தாரே, அத்தெளிவே தன்னை அறிதல். பிறன் ஒருவன் அடிச்சுவட்டைத் தேடிச் சென்றவர் தம் வழியையும் கண்டுகொண்டார்.

இனி என் கதை. கூற நாணமே, எனினும் கூறாவிடின் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. சென்ற கோடை விடுமுறையில் தோழர் மூவரும் யானும் காட்பாடியில் வண்டியேறிக் கான்பூர் வரை சென்று மீண்டோம். கைப்பேசியே எங்கள் படக்கருவி. கிருஷ்ணை, கோதாவரி, நருமதை ஆகிய ஆறுகளைப் பாலத்தின்மீது கடந்தபோதெல்லாம் சாளரத்தருகே நின்று எடுத்தேன். கான்பூரில் கங்கைக் கரையிலுள்ள சாசுமவு என்னும் பகுதிக்குச் சென்றோம். அங்குத் தோல் பதனிடும் சாலைகள் மிகுதி. வண்டியை விட்டு இறங்கியதும் ஒரு நாற்றம் எதிர்கொண்டது. தோழர்கள் மூக்கைப் பொத்தினர். எனக்கோ, ஒரு கணம், வீடு வந்துவிட்டது போலிருந்தது. சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த அந்த நாற்றம் என் தந்தையாரின் சட்டையில் யான் பிறந்த நாள்முதல் அறிந்தது. அதனை யான் எவரிடமும் சொல்லவில்லை. தோழரோடு சேர்ந்து யானும் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

ஆம்பூர் திரும்பி, தொகுத்த படத்தை வீட்டில் காட்டினேன். ஆறுகளும் கோபுரங்களும் வரும்வரை தந்தையார் வாளா இருந்தார். சாசுமவுக் காட்சி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இது எருமைத் தோல், தம்பி. நம் பக்கம் ஆடும் மாடும்தான் மிகுதி,” என்றார். பின்பு, “இத்தனை தூரம் போய்த் தோலை எடுத்தாயே, நம் ஊர்த் தோல் உன் கண்ணிற் படவில்லையா?” என்று கேட்டார். அவர் சினந்து கேட்கவில்லை, வியந்தே கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை. தந்தையின் தொழிலைக் கேட்ட படிவங்களில் எல்லாம் ‘தனியார் பணி’ என்று எழுதியவன் யான். ஊருக்கு வருவதாகக் கூறிய விடுதித் தோழர்க்கு ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு காரணம் கூறித் தடுத்தவனும் யானே. பிளாகர்ட்டியின் படத்தைத் தீ எரித்தது. என் படத்தை அவ்வொரு கேள்வி எரித்தது.

மறுவாரம் இரண்டாம் படம் எடுத்தேன். அஃது நான்கு நிமிடமே ஓடும். விடியற்காலையில் காலணித் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேன்கள். அவற்றுள் ஒன்றில் ஏறும் என் தாயார். சோறு பிசையும் தந்தையாரின் வெடிப்புற்ற விரல்கள். நீரற்ற பாலாற்று மணல். உப்பேறியதால் நாங்கள் குடிக்க வொண்ணாத கிணறு. எங்களூரார் ‘தோல்ஷாப்பு’ எனக் கூறும் சாலைக்குள் படம் எடுக்க இசைவு கிட்டவில்லை. ஆகவே மதிற்சுவர்க்குப் புறத்தே நின்று, உள்ளே உருளும் பெரிய டிரம்மின் ஓசையை மட்டும் பதிந்தேன். காட்ட இயலாததைக் கேட்பிக்கலாம் என்பதற்கு மலைபடுகடாம் எனக்குத் துணையாயிற்று.

அப்படத்தைத் தொகுக்கையில், பெருமிதமும் வருத்தமும் ஒருங்கே எழுந்தன. எனக்குச் சோறும் கல்வியும் அளித்தது இத்தொழில். பாலாற்றையும் எங்கள் கிணற்றையும் கெடுத்ததில் பெரும்பங்கு உடையதும் இத்தொழிலே. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியோரே அதன் கேட்டிற்கு ஈடு செய்தல் வேண்டும் என்று 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் யான் படித்துள்ளேன். இரண்டனுள் ஒன்றை மறைத்துப் படம் முடிக்க எளிது. ஆயின் அது முன்னைய நாணத்தின் மறுவடிவமே ஆகும் என்று உணர்ந்து, இரண்டையும் வைத்தேன்.

மாணவத் தோழர்காள்! பயணம் புறப்படுமுன், எதனை அறியச் செல்கின்றீர் என்று ஒரே ஒரு வினாவைத் தாளில் எழுதுமின். எடுக்கும் காட்சியைப் பத்து நொடியேனும் அசையாது பிடிமின். ஓசைக்கும் செவி கொடுமின். ஒவ்வோர் இரவும், அன்று எடுக்காது விட்டவை யாவை, ஏன் விட்டீர் என்று குறித்து வைமின். பிறர் முகத்தை அவர் இசைவின்றி எடாதீர். படம் முடிந்ததும், புகழ்வோர்க்குக் காட்டுமுன் வீட்டிலுள்ளோர்க்குக் காட்டுமின்.

சென்ற திங்கள் விடுதித் தோழர் மூவர் எங்கள் வீட்டிற்கு வந்தனர். தோல்ஷாப்பின் மதிலருகே நடக்கையில் ஒருவன் மூக்கைச் சுளித்து, “இஃது என்ன நாற்றம்?” என்றான். “என் தந்தையாரின் தொழில்,” என்றேன்.