பள்ளியின் மின்னஞ்சலுக்கு ஒரு சொல்லடைவு

ஓர் அரசுப் பள்ளியின் மின்னஞ்சல் பெட்டியில் ஐந்தாறு ஆண்டுகளில் என்னென்ன சேரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். முதன்மைக் கல்வி அலுவலரின் செயல்முறைகள், எமிஸ் நினைவூட்டல்கள், நலத்திட்டப் பொருள்களின் தேவைப்பட்டியல், படிப்புதவித் தொகைக்குத் தேர்வானோர் பட்டியல், பயிற்சிக்கான பணிவிடுவிப்பு ஆணைகள் எனக் குவிந்துகொண்டே போகும். ஒரே கடிதம் மூன்று முறை வந்திருப்பதும் உண்டு. இத்தனையும் இருந்தும், தேவையான நாளில் தேவையான கடிதம் மட்டும் கைக்கு வராது.

ஜிமெயிலிலேயே தேடலாமே என்று கேட்கலாம். தேடலாம், இணையம் இருக்கும்வரை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கோட்டக்குப்பம் முதல் மரக்காணம் வரை இந்தக் கடற்கரை என்ன பாடுபட்டது என்பது இங்குள்ளவர்களுக்கு மறக்காது. மின்சாரம் இல்லை, இணையம் இல்லை, நனைந்த கோப்புகளை வெயிலில் விரித்தோம். அதன் பிறகுதான் எங்கள் பள்ளி மின்னஞ்சலின் நகல் ஒன்று மடிக்கணினியிலும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். இன்னொரு காரணமும் இருந்தது. ஜிமெயில் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் ஸ்கேன் செய்த இணைப்புகளால் நிறைந்துவிட்டது. எதையாவது நீக்கினால்தான் புதிய கடிதம் வரும் என்ற நிலை.

நகல் எடுப்பது எளிய வேலை. கடிதங்களை இறக்க எம்பிசிங்க் என்ற கட்டளையைப் பயன்படுத்துகிறோம். ஐசிங்க் என்ற மென்பொருள் தொகுப்பில் அது வருகிறது. ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனிக் கோப்பாக ஒரு கோப்புறையில் வைக்கும். அதன் அமைப்புக் கோப்பில் 'சிங்க் புல்' என்ற வரி இருப்பது முக்கியம். சேவையகத்திலிருந்து இழுப்பது மட்டுமே நடக்கும், மடிக்கணினியில் தவறுதலாக ஒன்றை அழித்தாலும் மூலம் பாதிக்கப்படாது. ஜிமெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 'ஆப் பாஸ்வேர்டு' ஒன்று பெற வேண்டும்.

தேடுவதில்தான் சிக்கல். முனையத்தில் கோப்புகளுக்குள் சொல் தேட 'கிரெப்' என்ற பழைய கட்டளை உண்டு. ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் பெரும்பாலும் கிடைக்கும். 'உப்பு' என்று தமிழில் கொடுத்தால் பல கடிதங்களில் ஒன்றும் வராது. சொல் உள்ளே இருக்கிறது, ஆனால் தமிழ் வடிவில் இல்லை. மின்னஞ்சலின் அடிப்படை விதிகள் ஆங்கில எழுத்துகளுக்காக வகுக்கப்பட்டவை. பிற மொழிகளுக்கும் இணைப்புகளுக்கும் வழி செய்த 'மைம்' தரம் 1992இல் வந்தது. அதன்படி தமிழ் உரை பெரும்பாலும் 'பேஸ்64' என்ற முறையில் ஆங்கில எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணிக்கிறது. யூனிகோடில் 'உப்பு' என்பது உ, ப, புள்ளி, ப, உகரக் குறி என ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு, ஆக 15 பைட்டு. பேஸ்64 மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கும், ஆக 20 எழுத்து. முன்னால் உள்ள இடைவெளிகளைப் பொறுத்து இந்த மூன்று மூன்றான பிரிப்பு நகர்வதால், ஒரே சொல் மூன்று வேறு தோற்றங்களில் அமையலாம். கிரெப் பாவம், என்ன செய்யும்?

எனவே கடிதத்தைத் திறந்து, மாற்றெழுத்தைப் பிரித்து, உள்ளிருக்கும் சொற்களுக்கு அடைவு போட்டு வைக்கும் கருவி வேண்டும். நாங்கள் எடுத்துக்கொண்டது 'நாட்மச்'. கார்ல் வொர்த் என்பவர் 2009இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. 'ஸாப்பியன்' என்ற தேடல் நூலகத்தின் மேல் இயங்குகிறது. 'மு' என்ற இன்னொரு கருவிக்கும் அதே நூலகம்தான் அடிப்படை. டெபியன், உபுண்டு களஞ்சியங்களில் நாட்மச் கிடைக்கிறது. அரசு வழங்கிய மடிக்கணினிகளில் வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழியில் அமைந்ததே. வரைகலைச் சாளரம் தேவையில்லாததால் பழைய இயந்திரமே போதும்.

அடைவு என்றால் என்ன என்பதை ஆறாம் வகுப்புக்கே சொல்லிவிடலாம். பொருளடக்கம் நூலின் முன்னால் இருக்கும், எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும். சொல்லடைவு நூலின் பின்னால் இருக்கும், எந்தச் சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்று சொல்லும். பத்துத் துண்டுச் சீட்டுகளில் சிறு வாக்கியங்கள் எழுதி எண்ணிட்டுக் கொடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே சீட்டு எண்களை எழுதச் சொன்னேன். பிறகு, 'உப்பு', 'மழை' இரண்டும் உள்ள சீட்டு எது என்று கேட்டேன். இரண்டு வரிசைகளிலும் பொதுவான எண்ணைப் பார்த்துப் பிள்ளைகள் நொடியில் சொன்னார்கள். நான் கணக்கு ஆசிரியர் என்பதால் கணங்களின் வெட்டுக்கும் இதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டேன்.

இனிக் கட்டளைகள். கட்டளைச் சொற்களை ஒலிப்புக்கேற்பத் தமிழில் தருகிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். தேடும் சொல்லைத் தமிழிலேயே அடிக்கலாம். 'நாட்மச் செட்டப்' என்றால் பெயர், முகவரி, கடிதங்கள் உள்ள கோப்புறை ஆகியவற்றைக் கேட்டுக்கொள்ளும். 'நாட்மச் நியூ' அடைவு போடும். முதல் முறை நேரம் பிடிக்கும், பிறகு புதிய கடிதங்களை மட்டும் சேர்க்கும். 'நாட்மச் சர்ச்' என்று தொடங்கி வேண்டிய சொல்லைத் தந்தால் கடிதங்களின் பட்டியல் வரும். 'சப்ஜெக்ட்:' சேர்த்தால் பொருள் வரியில் மட்டும் தேடும், 'ஃப்ரம்:' அனுப்புநரை, 'அட்டாச்மென்ட்:' இணைப்புக் கோப்பின் பெயரை. 'டேட்:2023-04..2023-07' என்றால் அந்தக் கால எல்லைக்குள்.

தமிழுக்கென்று சில நுணுக்கங்கள் உண்டு, இவற்றைக் கையேடுகள் சொல்வதில்லை. நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 'மாணவர்' என்று தேடினால் 'மாணவரின்' வராது. சொல்லின் இறுதியில் நட்சத்திரக் குறி இட்டால் அப்படித் தொடங்கும் எல்லாம் வரும். ஆனால் 'மாணவர்' என்று புள்ளியோடு எழுதி நட்சத்திரமிட்டால் 'மாணவர்கள்' வரும், 'மாணவரின்' வராது. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் என்று நாம் கற்பிக்கிறோம். கணினியோ அகர உயிர்மெய்யை முதலாக வைத்து, அதன்மேல் புள்ளியையோ உயிர்க்குறியையோ தனியாக ஒட்டுகிறது. ஆகவே கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு 'மாணவர*' என்று கொடுங்கள், மூன்றும் வரும். மகர ஈற்றுச் சொற்களுக்கு இது பாதிதான் உதவும். 'மரம*' கொடுத்தால் 'மரத்தை' வராது. 'மர*' கொடுத்தால் மரக்காணம் முழுவதும் வந்து நிற்கும்! நட்சத்திரக் குறி இருந்தால் தேடல் முழுவதையும் ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் முனையம் அதற்கு வேறு பொருள் கொள்ளும்.

ந.க.எண் தேட வேண்டுமானால் எண்ணை இரட்டை மேற்கோளுக்குள்ளும், முழுவதையும் ஒற்றை மேற்கோளுக்குள்ளும் கொடுங்கள். சாய்கோடு வரும் இடங்களில் அடைவு எண்ணைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கும். இரட்டை மேற்கோள் இட்டால் அத்துண்டுகள் அதே வரிசையில் அடுத்தடுத்து வரும் கடிதத்தை மட்டும் காட்டும்.

இதெல்லாம் எதற்கு என்பதற்கு ஒரு நிகழ்வு. மரக்காணம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பத்துப் பெண் ஒருத்தி ஒன்பதாம் வகுப்பில் எங்களிடம் சேர்ந்தாள். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் தேர்வில் தேர்ச்சி பெற்றவள். மாதம் ரூ.1000 வீதம் நான்கு ஆண்டுகளுக்கு ரூ.48,000. ஐப்பசி, கார்த்திகையில் உப்பளம் மூடிக்கிடக்கும் வீட்டில் அது சிறிய தொகையில்லை. ஒன்பதாம் வகுப்பில் உரிய காலத்துக்குள் இணையதளத்தில் பதிவு செய்தால்தான் பணம் வரும். தேர்வானதற்கான ஆதாரம் அவளிடம் இல்லை. மாவட்டப் பட்டியல் எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பப்பட்டதுதான், ஆனால் எப்போது, எந்தப் பெயரில்?

அவள் பெயரைக் கொடுத்தோம், இல்லை. தேர்வின் ஆங்கிலச் சுருக்கத்தைக் கொடுத்தோம், பழைய கடிதங்களே வந்தன. 'படிப்புதவி*', அதோடு நான்கு மாதக் கால எல்லை என்று கொடுத்ததும் ஏழு கடிதங்கள் வந்தன. ஐந்தாவதில் 'இணைப்பில் காண்க' என்ற ஒற்றை வரியும் ஒரு பிடிஎஃப் கோப்பும். அதில் அவள் பெயர் இருந்தது. கடைசித் தேதிக்கு ஆறு நாள் முன்பு பதிவு முடிந்தது.

பெயரைக் கொடுத்தபோது ஏன் வரவில்லை என்பது கவனிக்க வேண்டியது. நாட்மச் இணைப்பின் பெயரை அடைவில் சேர்க்கும், பிடிஎஃப் உள்ளே நுழைந்து படிக்காது. படிக்கும்படி 'பிடிஎஃப்டுடெக்ஸ்ட்' கொண்டு உரையைப் பிரித்தாலும், பட்டியல் வானவில் எழுத்துருவில் தட்டச்சானது என்றால் ஆங்கிலக் குப்பையே வரும். தமிழக அரசு 2010 ஜூனில் யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருக்கள் அலுவலகங்களில் இன்னும் உயிரோடிருக்கின்றன. நம் பள்ளியிலிருந்து போகும் கடிதங்களையாவது யூனிகோடில் அனுப்பினால், இன்னொரு பள்ளியில் யாரோ ஒருவர் தேடும்போது கிடைக்கும். ஸ்கேன் செய்த படங்களுக்கு டெசராக்ட் என்ற எழுத்துணரி தமிழையும் படிக்கிறது. அச்சு தெளிவாக இருந்தால் நன்றாகவே படிக்கிறது, மங்கிய நகலில் திணறுகிறது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கோப்புறையில் பிள்ளைகளின் ஆதார் எண், சாதிச் சான்று, வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கும். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தின் பொதுக் கணினியில் இதை வைக்க வேண்டாம். மறையாக்கம் செய்த வட்டுள்ள ஒரே மடிக்கணினி, அதன் கடவுச்சொல் தலைமையாசிரியரிடமும் பொறுப்பாசிரியரிடமும் மட்டும் என்பது எங்கள் ஏற்பாடு.

கடிதங்களுக்கு 'நாட்மச் டேக்' கொண்டு அடையாளச் சொற்களும் ஒட்டலாம். 'படிப்புதவி', 'தணிக்கை', 'கட்டடம்', 'பணிப்பதிவேடு' என்று நான்கே வைத்திருக்கிறோம். அதிகம் வைத்தால் யாரும் ஒட்டுவதில்லை. தலைமையாசிரியர் மாறுதலாகிப் போகும்போது, பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சாவிக்கொத்துக்கு அடுத்த வரியில் இந்த நான்கு சொற்களையும் எழுதிக்கொடுக்கிறோம்.