முதலில் அகலத்தைக் கேள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கைப்பேசி வடிவமைப்புக் குழுவில் சேர்ந்த வேகத்திலேயே பெரிய சண்டைக்குள் போய் விழுந்திருக்கிறாய். திரை 6.8 அங்குலம் வேண்டும் என்று பாதிப் பேர், 6.1 போதும் என்று மீதிப் பேர், தடிமன் ஏழு மில்லிமீட்டருக்குக் கீழே வந்தே தீரவேண்டும் என்று விற்பனைப் பிரிவு. இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்டிருக்கிறாய்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்குலக் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு அகலத்தைப் பேசு. தடிமன் பேச்சு எழும்போதெல்லாம் எடையையும் பேட்டரியையும் கூடவே மேசைக்குக் கொண்டுவா.

பெட்டியில் அச்சடிக்கும் அங்குலம் திரையின் மூலைவிட்ட நீளம். கை அதைப் பிடிப்பதில்லை, பிடிப்பது அகலத்தை. 16:9 விகிதத்தில் 6.5 அங்குலத் திரை செய்தால் அதன் அகலம் 81 மி.மீ. வரும். அதே 6.5 அங்குலத்தை 20:9 விகிதத்தில் செய்தால் 68 மி.மீ.க்குள் முடிந்துவிடும். பரப்பளவும் சுமார் 12 விழுக்காடு குறையும். பெட்டியின் மேல் இரண்டுக்கும் ஒரே எண்தான். 2016இல் வந்த கேலக்ஸி எஸ்7 திரை 5.1 அங்குலம், போனின் அகலம் 69.6 மி.மீ. மறு ஆண்டு வந்த எஸ்8 திரை 5.8 அங்குலம், அகலம் 68.1 மி.மீ. திரை வளர்ந்தது, போன் ஒடுங்கியது. எத்தனை அங்குலம் என்று வாதாடுகிற கூட்டத்தில் யார் எதை அளக்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்.

இந்தத் துறையில் பெரிய மனிதர்களின் தீர்ப்புகளே நிலைத்ததில்லை. 2010 ஜூலையில், கைக்குள் பிடிக்க முடியாத பெரிய போனை யாரும் வாங்கப்போவதில்லை என்று செய்தியாளர்களிடம் ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னார். அப்போது ஐபோன் திரை 3.5 அங்குலம். மறு ஆண்டு சாம்சங் 5.3 அங்குல கேலக்ஸி நோட்டைக் கொண்டுவந்தபோது, காதில் வைத்துப் பேசுகிற பலகை என்று எழுதியவர்கள் பலர். அந்தப் போன் ஒரு கோடி விற்றுவிட்டது என்று 2012இல் சாம்சங் அறிவித்தது. 2014இல் ஆப்பிளே 4.7, 5.5 அங்குலங்களுக்குப் போனது. மனிதர்களின் கை அந்த நான்கு ஆண்டுகளில் வளரவில்லை. போனில் செய்யும் வேலை மாறிவிட்டது. பேச்சுக் குறைந்து படம், வரைபடம், பாடம், வங்கி எல்லாம் அதற்குள் வந்தன. நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் கணினி என்று இருப்பதே போன் ஒன்றுதான். அதனால் பெரிய திரை கேட்பவர்களை ஆடம்பரக்காரர்கள் என்று நினைத்துவிடாதே. பிள்ளையின் இணைய வகுப்பைக் கண்ணைச் சுருக்காமல் பார்க்க வழி கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

தமிழ் படிப்பவர்களுக்காகவும் ஒரு வாதம் உண்டு. உன் குழுவில் இதை எடுத்துச் சொல்ல உன்னைத் தவிர ஆள் இருக்கமாட்டார்கள் என்பதால் விரிவாக எழுதுகிறேன். நம் எழுத்துகள் அகலமானவை. ண, ஞ, ணூ எல்லாம் ஆங்கில எழுத்து பிடிக்கும் இடத்தில் அடங்காது. நம் சொற்களும் நீளம். ‘அறிவிக்கப்பட்டிருக்கிறது’ என்ற ஒரே சொல் ஒடுங்கிய திரையில் பாதி வரியை எடுத்துக்கொள்ளும். ஐபோன் 12 மினியின் திரை அகலம் சுமார் 57 மி.மீ. அதில் செய்தி படித்தால், வசதியான எழுத்தளவில் ஒரு வரிக்கு மூன்று சொல் அடங்குவதே பாடு. தட்டச்சு இன்னும் கடினம். ஆங்கில விசைப்பலகையின் மேல்வரிசையில் 10 விசைகள். தமிழ்99 விசைப்பலகையின் மேல்வரிசையில் 12. அந்த 57 மி.மீ.யைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு விசைக்கு ஐந்து மி.மீ.கூடக் கிடைக்காது. 68 மி.மீ. திரையில் ஐந்தரைக்கு மேல் கிடைக்கும். ஒரு மி.மீ.தானே என்று தோன்றும். ஓடும் பேருந்தில் ‘ன’ தட்டப்போய் பக்கத்தில் இருக்கும் ‘ற’வில் விரல் விழுகிறவருக்கு அந்த ஒரு மி.மீ.யின் அருமை தெரியும்.

அப்படியானால் அகலத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமா? கூடாது. ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் தெருக்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் ரயில்களிலும் 1333 பேரைக் கவனித்து 2013இல் எழுதினார். திரையைத் தொட்டு வேலை செய்தவர்களில் 49 விழுக்காட்டினர் ஒற்றைக் கையால் செய்தார்கள். அதன் பிறகு போன்கள் பெருத்துவிட்டன, பிடிக்கும் முறையும் மாறியிருக்கும். ஆனால் காய்கறிப் பையும் பேருந்துக் கம்பியும் குழந்தையும் மறு கையில்தான் இருக்கின்றன. சமூகவியலாளர் ஜெய்னெப் துஃபெக்சி அதே 2013இல், இஸ்தான்புல் போராட்டத்தின் நடுவே ஒற்றைக் கையால் போனைப் பிடித்துப் படம் எடுக்க முடியாமல் போனதை எழுதினார். ஆண்களின் கைக்கு அளந்து செய்த பொருள் இது என்பது அவர் குற்றச்சாட்டு. அது நியாயமான குற்றச்சாட்டு.

உனக்குப் பெரிய கை. நீ பிடித்துப் பார்த்து வசதி என்று சொல்வதை உன் குழு ஏற்கக்கூடாது, நீயும் ஏற்காதே. நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன் 1997இல் வெளியிட்ட தேப்குமார் சக்ரபர்த்தியின் இந்திய உடலளவுகள் நூல் உன் மேசையில் இருக்கட்டும். அதில் சராசரியைப் பார்த்து நின்றுவிடாமல், சிறிய கைகளின் அளவு எங்கே இருக்கிறது என்று தேடு.

மினியைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். ஆப்பிள் 2020இலும் 2021இலும் 5.4 அங்குல மினி போன்களைக் கொண்டுவந்தது. 2022இல் அந்த இடத்துக்கு 6.7 அங்குலப் போன் வந்துவிட்டது. சிறிய போனுக்கு ஆளில்லை என்பதற்கு எல்லோரும் இதையே சான்று காட்டுவார்கள். எனக்கு அது முழுச் சான்றாகப் படவில்லை. 12 மினியின் தடிமன் 7.4 மி.மீ., பேட்டரி 2227 எம்ஏஎச். சாயங்காலத்துக்குள் சார்ஜர் தேடவைக்கும் போனை வாங்காதவர்கள் வேண்டாம் என்றது சிறிய அளவையா, சிறிய பேட்டரியையா? அந்தப் போனை 9 மி.மீ. தடிமனில் செய்து பார்த்திருந்தால் நமக்கு நேர்மையான விடை கிடைத்திருக்கும்.

தடிமன் விஷயத்தில் உனக்குள் ஊறவேண்டிய கணக்கு இது. கண்ணாடி, திரை அடுக்குகள், பின்மூடி இவற்றின் தடிமன் ஏறக்குறைய மாறாதது. ஆகவே நீ கூட்டும் ஒவ்வொரு மி.மீ.யும் அநேகமாக முழுதாகப் பேட்டரிக்கே போகிறது. குறைக்கும் ஒவ்வொன்றும் பேட்டரியிலிருந்தே போகிறது. எட்டு மி.மீ. போனில் பேட்டரி நாலரை, ஐந்து மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு மி.மீ. குறைப்பது ஐந்தில் ஒரு பங்கு உயிரை எடுப்பதற்குச் சமம். விறைப்பும் அப்படித்தான். ஒரு தகட்டின் வளையாத்தன்மை தடிமனின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. எட்டை 5.6 ஆக்கினால், மற்றவை மாறாதபோது, விறைப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். 2014இல் 7.1 மி.மீ. ஐபோன் 6 பிளஸ் கால்சட்டைப் பையில் வளைந்ததும், அடுத்த ஆண்டு ஆப்பிள் வலுவான அலுமினியத்துக்கு மாறியதும் உனக்குத் தெரிந்த கதை. 2016இல் தீப்பிடித்த சாம்சங் நோட் 7 அதைவிடக் கடுமையான பாடம். முதல் தொகுதிப் பேட்டரிகளில் மேல் மூலையில் போதுமான இடம் இல்லாமல் மின்முனை மடங்கியதைச் சாம்சங்கின் விசாரணை 2017 ஜனவரியில் சொன்னது. லித்தியம் பேட்டரி வயதாக ஆகச் சற்று உப்பும். அதற்கு விட்டுவைக்கும் இடைவெளியை வீண் இடம் என்று யாராவது சொன்னால் கூட்டத்திலேயே மறுத்துப் பேசு. அது உயிர் சம்பந்தப்பட்டது.

மெலிதான போனை வெறுக்கச் சொல்லவில்லை. 2014இலேயே விவோ எக்ஸ்5 மேக்ஸ் 4.75 மி.மீ.யில், ஹெட்போன் துளையோடு வந்தது. அது திறமையான வேலை. 2025இல் வந்த கேலக்ஸி எஸ்25 எட்ஜ் 5.8 மி.மீ., ஐபோன் ஏர் 5.6 மி.மீ. பெரிய திரையை வைத்துக்கொண்டு இரண்டும் 165 கிராமுக்குள் நிற்கின்றன. படுத்தபடி அரை மணி நேரம் படிப்பவருடைய மணிக்கட்டுக்கு அது உண்மையான நன்மை. ஆனால் கவனி, அந்த நன்மை எடையால் வந்தது. தடிமன் எண்ணை மட்டும் குறைப்பவர்கள் அதைத் தருவதில்லை. பேட்டரியை வெட்டி, கேமராவை மட்டும் மேடாகத் துருத்தவிட்டு, அந்த மேட்டைச் சேர்க்காமல் அளந்து பெட்டியில் போடுகிறார்கள். வாங்குபவர் கடையிலேயே கவர் மாட்டிக்கொண்டு, பையில் பவர் பேங்கும் வைத்துக்கொள்கிறார். நாம் மிச்சம் பிடித்த மி.மீ.யை அவர் காசு கொடுத்துத் திரும்பச் சேர்க்கிறார்.

மேல் மூலைக்குக் கட்டைவிரல் எட்டாத குறையை மென்பொருளால் ஓரளவு ஈடுகட்டலாம். 2014இல் ஆப்பிள் திரையைக் கீழே இறக்கும் வசதியைத் தந்தது, 2021இல் சஃபாரியின் முகவரிப் பட்டையைக் கீழே கொண்டுவந்தது. உன் செயலிக் குழுவிடம் இதைப் பேசிவை.

இனி நீ செய்யவேண்டியது. திரை வரைபடத்தில் முடிவெடுக்காதே. 66, 69, 72, 75 மி.மீ. அகலங்களில் டம்மிகளை 3டி பிரிண்ட் எடு. உள்ளே தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைப் போட்டு உண்மையான எடைக்குக் கொண்டுவா. எடையில்லாத டம்மி எல்லாக் கைக்கும் வசதியாகவே இருக்கும். எடை மேல்பக்கம் குவிந்தால் கவிழும், அதையும் மாற்றிப் பார். எண்களைச் சொல்லாமல் பூக்கடை அக்காவிடம், நடத்துநரிடம், உன் அம்மாவிடம் கொடு. ஒற்றைக் கையால் எதிர்மூலையைத் தொடச் சொல். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று தட்டச் சொல். அவர்கள் வாயைவிடச் சுண்டுவிரலைப் பார். போனின் அடிவிளிம்பைத் தாங்குவது அதுதான். சில நிமிடங்களில் அது இடம் மாறத் தொடங்கினால் எடையோ அகலமோ மிஞ்சிவிட்டது என்று பொருள்.

என் எண்களைக் கேட்டாய். பொதுவான போனுக்கு அகலம் 72 மி.மீ.யைத் தாண்டவேண்டாம், எடை 185 கிராமுக்குள், தடிமன் எட்டரை, கேமரா மேடு முடிந்தவரை அதற்குள்ளேயே அமுங்கட்டும். கூடவே 66 மி.மீ. அகலத்தில், ஒன்பதரை மி.மீ. தடிமனில், நாள் முழுக்கத் தாங்கும் பேட்டரியோடு ஒரு சிறிய போன். இரண்டாவதற்குத்தான் நீ போராடவேண்டியிருக்கும். பெரிய போனுக்கு வாதாட உன் குழுவில் ஆள் இருக்கிறார்கள். சிறிய கைகளுக்கு வாதாட ஒருவரும் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு டம்மிகளோடு போ. என்ன முடிவானது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்