கடைசி இரண்டு அங்குலம்

எங்கள் பக்கம் கட்டிங் டேபிள் செய்து தரும் ஆசாரி ஒருவர் இருக்கிறார். மேஜை ரம்பத்தில் அவர் பலகை அறுப்பதை நின்று பார்த்திருக்கிறேன். பலகை முக்கால்வாசி போகும்வரை கையால்தான் தள்ளுவார். முனை நெருங்கியதும் கை பின்வாங்கிவிடும். அடியில் பழைய சைக்கிள் டியூப் ஒட்டி, மேலே கைப்பிடி வைத்த மரக்கட்டை ஒன்று அந்த இடத்துக்கு வரும். புஷ் பிளாக் என்பார்கள். அதன் ஓரத்தில் ரம்பம் தின்ற பள்ளங்களை ஒருநாள் எண்ணினேன். ஏழு. "ஏழு விரலுங்க அது" என்றார் சாதாரணமாக.

திருப்பூர் பனியன் கம்பெனி கட்டிங்கில் முப்பது வருஷம் நின்றவன் நான். எங்களுக்கு ரம்பம் கிடையாது. மேஜையில் அடுக்கி விரித்த துணியை லே என்போம். பெரிய லேயை வெட்ட ஸ்ட்ரெய்ட் நைஃப், காலர், பாக்கெட், குழந்தை சைஸ் ஸ்லீவ் மாதிரி சின்னப் பீஸுக்குப் பேண்ட் நைஃப். இந்தப் பேண்ட் நைஃப் மேஜை ரம்பத்துக்குச் சொந்தத் தம்பி. கத்தி நின்ற இடத்திலேயே ஓடும், துணிக்கட்டைக் கத்தியிடம் கொண்டுபோவது கைதான். பீஸ் சிறுக்கச் சிறுக்க விரல் கிட்டே போகும். புதுப் பையன்களுக்கு வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதியிருக்கிறேன்.

செய்ய வேண்டியவை

பேட்டர்னைத் துணிக்கட்டின் மேல் வைத்துக் கிளிப் போடுங்கள். மெல்லிய சார்ட் அட்டை வேண்டாம், தடித்த ஹார்டுபோர்டு பேட்டர்ன் வேண்டும். பனியன் துணி நெசவுத் துணி மாதிரி அடங்கி இருக்காது. ஓரம் சுருளும், இழுத்தால் நீளும், லைக்ரா கலந்திருந்தால் இன்னும் மோசம். அதை அடக்கத்தான் விரல் தானாக முன்னே போகிறது. கிளிப் போட்ட கட்டு ஒரே துண்டாக நகரும், அப்போது விரலைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். ஆசாரியின் கட்டை செய்யும் வேலையை நமக்கு இந்தப் பேட்டர்னும் கிளிப்பும் செய்கின்றன. கிளிப் போட நேரம் போகிறது என்று சூப்பர்வைசர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

வளைவைத் திருப்பும்போது கட்டைத் திருப்புங்கள், கையைத் திருப்பாதீர்கள். இரண்டு கையும் கத்தியின் இரு பக்கமாக இருக்கட்டும். கத்திக்கு நேர் எதிரே கட்டைவிரல் நிற்கிறதா என்று ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டை இறக்குங்கள். பேண்ட் நைஃப்பில் கத்தியை மூடும் கார்டு துணிக்கட்டுக்கு மேல் அரை அங்குலத்தில் நிற்க வேண்டும். ஸ்ட்ரெய்ட் நைஃப்பில் முன்காப்பு லேயின் மேல்துணியைத் தொட வேண்டும். மேலே தூக்கிக் கட்டிய கார்டு இருந்தும் பயனில்லை.

ஸ்டீல் வளையம் கோத்த க்ளவுஸ் போடுங்கள். இதை ஆசாரியிடம் சொன்னால் சிரிப்பார், அவர் சிரிப்பதும் சரிதான். ரம்பத்துக்குப் பல் உண்டு. க்ளவுஸைக் கவ்வினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், அதனால் ரம்பத்தின் முன் வெறுங்கைதான் முறை. நம் பேண்ட் நைஃப் பல் இல்லாத வழவழப்பான கத்தி, வளையத்தின் மேல் வழுக்கிப் போகும். க்ளவுஸ் கைக்கு அளவாக இருக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் ஆபத்து. ஒரு வளையம் அறுந்திருந்தாலும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். துணியில் ஓட்டை போடும் டிரில் மெஷினுக்குப் போகும்போது மறக்காமல் கழற்றிவிடுங்கள். அது சுழலும் ஊசி, அங்கே ஆசாரி சட்டம்தான்.

எமரி போட்டுக் கத்தியைக் கூராக வையுங்கள். மழுங்கின கத்திதான் விரலை வெட்டும். வெட்டாத துணியை அழுத்தித் தள்ளுவோம், திடீரென்று வழிவிடும், கை முன்னே பாயும். எமரி பிடித்தால் பொறி பறக்கும் என்பதால் சுற்றியுள்ள பஞ்சைக் கூட்டிவிட்டுப் பிடியுங்கள்.

செய்யக்கூடாதவை

ஓடும் கத்தியில் சிக்கின பிசிரை விரலால் எடுக்காதீர்கள்.

சுவிட்சை அணைத்ததும் கத்தி நின்றுவிட்டது என்று நம்பாதீர்கள். பல் வைத்த ரம்பம் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும். பேண்ட் நைஃப் கத்தி ஒரே மாதிரி பளபளப்பு. டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடும் கத்தியும் நின்ற கத்தியும் ஒரே வெள்ளிக் கோடாகத்தான் தெரியும். சக்கரத்தின் சத்தம் அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

கரண்ட் போனால் சுவிட்சை அப்படியே விட்டுவிட்டு டீக்குப் போகாதீர்கள். 2012 மின்வெட்டுக் காலத்தில், நின்றிருந்த மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் திரும்பி வந்து நடுங்கிப்போனவர்களை எனக்குத் தெரியும். ஸ்ட்ரெய்ட் நைஃப்பில் பிளேடு மாற்றும்போது பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

ஒன்றரை ஷிப்ட் முடிந்தபின் பேண்ட் நைஃப்புக்குப் போகாதீர்கள். ஷிப்மென்ட் அவசரத்தில் சொல்வார்கள், தெரியும். என் இடது ஆள்காட்டி விரல் நுனி போனது அப்படி ஒரு ராத்திரியில், பதினொன்றரை மணிக்கு. காலர் கட்டு, கடைசிக் கட்டு. ஸ்டீல் க்ளவுஸ் ஆபீஸ் பீரோவில் பூட்டிக் கிடந்தது. விலை கூடின சாமான், பையர் ஆடிட் வரும் அன்றைக்கு மட்டும் வெளியே வரும். இன்றும் சில கம்பெனிகளில் அப்படித்தான், கைபடாத புதுக் க்ளவுஸைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வலி உடனே வரவில்லை. வெள்ளைத் துணியில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு பீஸும் சிவப்பதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

பீஸ் ரேட் கணக்கை மனதில் ஓட்டிக்கொண்டு வெட்டாதீர்கள். விரலுக்குச் சட்டம் வைத்திருக்கும் கணக்கு வேறு. இஎஸ்ஐ அட்டவணைப்படி ஒரு கையின் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14. எலும்பு தப்பி நுனி மட்டும் போனால் 5, இது என் கணக்கு. இடது ஆள்காட்டி விரலால் லேயின் ஓரத்தைத் தடவி எத்தனை துணி நழுவியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன் ஒரு காலத்தில். அதற்கு அட்டவணையில் இடமில்லை.

மெஷின் தானாக நின்றுவிடும் என்று இருக்காதீர்கள். அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் 1999-ல் உடம்பு பட்டதுமே நிற்கும் மேஜை ரம்பத்தைக் கண்டுபிடித்தார். சாஸேஜை வைத்துக் காட்டியவர் பிறகு தன் விரலையே வைத்துக் காட்டினார். ஒரு விநாடியை இருநூறாகப் பிரித்தால் ஒரு பங்கு நேரத்தில் ரம்பம் நிற்கும். காதர்பேட்டைச் சந்துகளில், அந்த வசதி இல்லாத பழைய பேண்ட் நைஃப்போடு மல்லுக்கட்டும் நமக்கு ஆசாரியின் கட்டைதான் பாடம்.

அறிவிப்புப் பலகையைத் தமிழில் மட்டும் எழுதி மாட்டாதீர்கள். கட்டிங்கில் இன்று நிறையப்பேர் ஒடிசா, பீகார் பையன்கள். ஒடியாவிலும் இந்தியிலும் எழுதுங்கள், கூடவே ஒரு படமும் வரைந்து வையுங்கள்.

இத்தனைக்கும் மீறி விரல் துண்டாகிவிட்டால், துண்டை ஐஸில் நேரடியாகப் போடாதீர்கள், சதை உறைந்து கெட்டுவிடும். சுத்தமான துணியை ஈரமாக்கிப் பிழிந்து அதில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். காயத்தை அழுத்திக் கட்டிக் கையை உயரத் தூக்கிப் பிடியுங்கள். மஞ்சள்தூள், காபித்தூள் எதுவும் வேண்டாம். கை அறுவைக்குப் பெயர்போன கங்கா மருத்துவமனை கோவையில்தான் இருக்கிறது, திருப்பூரிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். இஎஸ்ஐ கார்டு இன்னும் வரவில்லை என்று யாராவது தயங்கினால் கேட்காதீர்கள். வேலையில் பட்ட அடிக்கு, சேர்ந்த முதல் நாளாக இருந்தாலும் உரிமை உண்டு.