வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதா?

கடையில் பில் போட ஒரு கம்ப்யூட்டர், வீட்டில் இரவுக் கணக்கு எழுத ஒரு கம்ப்யூட்டர் என்று வைத்திருக்கும் வணிகர்கள் இன்று நம்மிடையே பலர். கடையில் உள்ளது நின்றால் உடனே ஆள் கூப்பிடுகிறோம். எதிரே வாடிக்கையாளர் நிற்கிறாரே! வீட்டில் உள்ளதை யாரும் கவனிப்பதில்லை. பிள்ளைகள் படிப்பதும் படம் பார்ப்பதும் அதில்தான். மாதந்தோறும் 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி தாக்கல் செய்ய நாம் உட்காருவதும் அதில்தான். சுவிட்சைப் போட்டுவிட்டுச் சாப்பிட்டு எழுந்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள்" என்பார்கள். பல நேரங்களில் அது தேவையற்ற செலவு.

எதையும் தொடுவதற்கு முன் கணக்கைப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். நமக்குத் தெரிந்த பருப்பு மொத்த வியாபாரி ஒருவர், மெதுவாக ஓடிய கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கக் கொடுத்தார். அவர்கள் எல்லாவற்றையும் அழித்து 'பார்மட்' செய்து கொடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடியது. மூன்று ஆண்டுக் கணக்கு அதில் இல்லை. சில்லறைக் கடைகளில் நிற்கும் பாக்கி எவ்வளவு என்றே அவருக்குத் தெரியவில்லை. கடை கடையாகப் போய், "உங்கள் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கும் நிலை. கொடுக்க வேண்டியவர் சொன்னதுதான் கணக்கு என்றாகிவிட்டது. இது போதாதென்று, ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்னுக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். ஆகவே இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று கடையில் இருக்கட்டும், ஒன்று வீட்டில் இருக்கட்டும். எடுத்த பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால்தான் அது பிரதி.

இனி, தாமதம் எங்கே என்று பார்ப்போம். நம் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்டு டிஸ்க் என்பது குடோன். ராம் என்பது பொட்டலம் கட்டும் மேசை. மேசை சிறியதாக இருந்தால் ஒவ்வொரு சாமானுக்கும் பையன் குடோனுக்கு ஓட வேண்டும். குடோன் தூரமாகவும் இருந்தால் கேட்கவே வேண்டாம். கம்ப்யூட்டரிலும் நடப்பது இதுதான்.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். ஒன்றும் வேலை செய்யாதபோதே 'டிஸ்க்' என்ற இடத்தில் 100 சதவீதம் நின்றுகொண்டிருந்தால் குடோனில் கோளாறு. 'மெமரி' 90-ஐத் தாண்டி நின்றால் மேசை போதவில்லை.

பழைய ஹார்டு டிஸ்க்கில் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை தட்டு சுழல, ஒரு முள் ஓடி ஓடித் தேடுகிறது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. அதை மாற்றினால், பல நிமிடங்கள் பிடித்த கம்ப்யூட்டர் ஒரு நிமிடத்துக்குள் எழுந்து நிற்பதைக் காணலாம். நம் அனுபவத்தில் இதற்கு இணையான வைத்தியம் வேறில்லை. ராம் 4 ஜி.பி. இருந்தால் 8 ஆக்கலாம். ஆனால் டி.டி.ஆர்.3 இருக்கும் இடத்தில் டி.டி.ஆர்.4 பொருந்தாது, சில லேப்டாப்களில் மாற்றவே வழியில்லை. ராம் விலையும் மிளகாய் விலை போல ஏறி இறங்கக்கூடியது. இரண்டு இடத்தில் விசாரித்து வாங்குங்கள்.

இந்தச் செலவைச் செய்யுமுன் ஒன்றைப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன. உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்காது என்றால், அதில் வங்கி வேலை செய்துகொண்டிருப்பது ஆபத்து. அங்கே மட்டும், புதிது வாங்கச் சொல்பவர் பேச்சில் நியாயம் உண்டு.

செலவில்லாத வேலைகளும் உண்டு. டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட்அப்' பகுதியில், சுவிட்சைப் போட்டதும் தானாக எழும் புரோகிராம்களில் வேண்டாதவற்றை நிறுத்தலாம். கணக்கு புரோகிராமையும் வைரஸ் தடுப்பையும் மட்டும் தொடாதீர்கள். வைரஸ் தடுப்பு இரண்டு இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் சேர்த்து வைத்த படங்களால் டிஸ்க் நிறைந்திருந்தால் ஐந்தில் ஒரு பங்கு காலி செய்யுங்கள். "வேகமாக்கித் தருகிறோம்" என்று திரையில் வரும் இலவச புரோகிராம்களை நம்ப வேண்டாம்.

நம் தொழிலுக்கே உரிய பகை தூசி. மிளகாய்த் தூளும் மாவும் ஊதுபத்திச் சாம்பலும் உள்ளே போய் விசிறியில் படிந்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் கம்ப்யூட்டர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கை எடுத்துவிட்டு, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத்துணி கூடாது. பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு முக்காலியில் வைத்தாலே பாதித் தூசி குறையும்.

தேதி தானாகப் பின்னால் போனால் பயப்பட வேண்டாம். உள்ளே ரூபாய் நாணயம் போன்ற பேட்டரி ஒன்று தீர்ந்திருக்கும். பெரும்பாலும் அது சி.ஆர்.2032. அதைக் கவனிக்காமல் விட்டால் பில்லில் தப்புத் தேதி விழும், ஜி.எஸ்.டி. தளமும் வங்கித் தளமும் திறக்க மறுக்கும்.

டிஸ்க்கை மாற்றினால் பழையதைக் காயலான் கடையில் போடாதீர்கள். யாருக்கு என்ன விலைக்குக் கொடுத்தீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. உறை போட்டுத் தேதி எழுதி, பழைய பேரேடுகளோடு பீரோவில் வைத்துவிடுங்கள்.