தடுப்பூசிச் சட்டமும் நம் மனச்சாட்சியும்



1697 ஆம் ஆண்டில் கண்டி மாநகரைப் பெரியம்மை தாக்கியது. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனும் அரசவையினரும் நகரை விட்டு அகன்றனர். நோயுற்றோரைச் சொந்த உறவினரே கைவிட்டனர். அவ்வேளையில் புனித யோசேப் வாஸ் அடிகளாரும், அவரது உறவினரான யோசேப் கர்வாலோ அடிகளாரும் இங்கேயே தங்கி, சமய வேறுபாடு பாராது நோயாளரைப் பராமரித்தனர். இறந்தோரை அடக்கம் செய்தனர்.

அன்று தடுப்பூசி இருக்கவில்லை. பெரியம்மைக்கான தடுப்பு முறை 1802 இல்தான் இலங்கையை வந்தடைந்தது. 1886 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அம்மைப்பால் குத்துதலைக் கட்டாயமாக்கிற்று. 1980 இல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது.

சட்டம் கட்டாயப்படுத்தும்போது, விலக்குக் கேட்க யாருக்கு நியாயம் உண்டு? 2022 ஜனவரியில் இக்கேள்வி நம் நாட்டில் மீண்டும் எழுந்தது. கொரோனாத் தடுப்பூசியை முழுமையாகப் பெறாதோர் ஏப்ரல் 30 முதல் பொது இடங்களுக்குச் செல்லலாகாது என அப்போது வர்த்தமானி வெளியாயிற்று. இன்று எவரும் நம்மிடம் ஊசி அட்டை கேட்பதில்லை. ஆயினும் கேள்விக்கு விடை தேடுவது நம் கடமை.

முதலாவது, மருத்துவ விலக்கு. முன்பு போட்ட ஊசியால் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை கண்டவருக்கு அதே ஊசியை மீண்டும் போடலாகாது. சின்னமுத்து ஊசியில் இருப்பது வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி. ஆகவே கர்ப்பிணிகளுக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையால் எதிர்ப்புச் சக்தி குன்றிய பிள்ளைகளுக்கும் அது ஏற்றதல்ல. சாதாரணத் தடிமன் இதற்குக் காரணமாகாது. தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியரே, அயல்வீட்டார் அல்லர்.

இரண்டாவது, சமய அல்லது மனச்சாட்சி விலக்கு. இங்கிலாந்து 1898 ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனச்சாட்சியின் பேரில் மறுக்கும் பெற்றோருக்கு இடமளித்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமோ, சின்னமுத்து பரவியதை அடுத்து, 2015 இல் பள்ளிப் பிள்ளைகளுக்கான சமய விலக்கை நீக்கி மருத்துவ விலக்கை மட்டும் வைத்துக்கொண்டது.

“சுவாமி, எங்கள் வேதம் இதற்கு இடந்தராது என்று ஒரு கடிதம் தாருங்கள்” என ஒருவர் கேட்டால், குருவானவர் என்ன செய்வார்? அப்படி எழுத அவரால் இயலாது. ஏனெனில் திருச்சபை தடுப்பூசியைத் தடை செய்யவில்லை.

சில ஊசிகள் தயாராகும் உயிரணுக்கள், 1960களில் கருக்கலைப்புக்கு உள்ளான சிசுக்களிலிருந்து பெறப்பட்டவை என்பது உண்மையே. ருபெல்லா ஊசி அவற்றில் ஒன்று. கருக்கலைப்பு பாவம் என்ற போதனையில் மாற்றமில்லை. ஆனால் அந்த ஊசியைப் பெறுபவர் அப்பாவத்திற்கு உடந்தையாவதில்லை. மேலும், தாயின் வயிற்றிலுள்ள சிசுவை ருபெல்லாவின் கேட்டிலிருந்து காப்பதும் அதே ஊசிதான். வேறு வழியில் தயாரித்த ஊசி கிடைக்குமாயின் அதையே நாடவேண்டும், கிடைக்காதபோது பெற்றுக்கொள்ளலாம்.

விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பர் 21 இல் கொரோனா ஊசி குறித்து இதையே தெளிவுபடுத்திற்று. ஊசி பெறுவது பொதுவாக ஒருவரது விருப்பத்திற்கு உரியது என்றும் சொல்லிற்று. ஆனால் அத்துடன் நிறுத்தவில்லை. மனச்சாட்சியின் பேரில் மறுப்பவர், தம்மால் பிறருக்கு நோய் தொற்றாதபடி வேறு வழிகளால் இயன்றதனைத்தையும் செய்யக் கடமைப்பட்டவர் என்றது. மனச்சாட்சி சுமையை இறக்கி வைக்கும் இடமல்ல. சுமையை ஏற்கும் இடம்.

சின்னமுத்து பரவாதிருக்க நூற்றுக்கு 95 பேராவது எதிர்ப்புச் சக்தி பெற்றிருக்க வேண்டும். 2019 இல் அந்நோய் நம் நாட்டில் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. 2023 இல் மீண்டும் தலைகாட்டியது. ஊசி பெற இயலாத நோயாளிப் பிள்ளைக்கு வேலியாக நிற்பது அயலிலுள்ள மற்றப் பிள்ளைகள் பெற்ற ஊசியே. நாம் காரணமின்றி விலக்குக் கேட்டால், அந்த வேலியின் ஒரு கம்பைப் பிடுங்குகிறோம். பலவீனரைத் தாங்கும் கடமையைப் புனித சின்னப்பர் பலமுள்ளவர்மேல் வைத்தது நமக்குத் தெரியாததல்ல.

பயம் இருந்தால் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேளுங்கள். பயத்துக்கு மட்டும் வேதத்தின் பெயரைச் சூட்டாதிருப்போம்.

குடும்பத்தில் சிந்திக்க:

1. நம் பிள்ளைகளின் ஊசி அட்டையில் விடுபட்டவை உண்டா?

2. நம் லயத்திலோ தெருவிலோ ஊசி பெற இயலாத நோயாளி யாரேனும் உண்டா? அவருக்காக நாம் செய்வது என்ன?