ஆறு மாதம் நிற்கிற காணிக்கை

வேத பாடம். வாசிக்க வேண்டிய பகுதிகள்: 1 கொரிந்தியர் 16:1-4, 2 கொரிந்தியர் 8:10-21, அப்போஸ்தலர் 6:1-6



காணிக்கை என்றவுடனே நமக்கு ஆலயக் கட்டடம், கன்வென்ஷன் பந்தல், மைக் செட் இவைகள்தான் ஞாபகத்துக்கு வரும். இந்த மாதப் பாடம் வேறொரு காணிக்கையைப் பற்றியது. நம்முடைய கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் பக்கத்தில் வியாதியாய்க் கிடக்கிறவர்களுக்காக ஜனங்கள் ஒன்றுகூடிச் சேர்க்கிற பணம் அது. அதை எப்படிச் சேர்ப்பது, யாருக்குக் கொடுப்பது, எத்தனை நாள் கொடுப்பது, எப்படிக் கணக்கு ஒப்புவிப்பது? பொதுவாகப் பேசினால் ஒன்றும் விளங்காது. ஆகவே ஒரே ஒரு வியாதியை எடுத்துக்கொள்ளுகிறேன். அது காசநோய், நாம் டிபி என்று சொல்லுகிறது.

1. வியாதி நம் வாசலில் இருக்கிறது

சிப்காட்டில் இரும்பு உருக்குகிற ஆலைகளும், ரோலிங் மில்களும், ஃபவுண்டரிகளும் இருக்கிறதை நீங்கள் அறிவீர்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று தூர தேசத்துப் பிள்ளைகள் அங்கே வேலை செய்கிறார்கள். ஒரே அறையில் ஆறு பேர், ஏழு பேர். பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போன பாயில் நைட் ஷிப்டுக்காரன் படுக்கிறான். ஜன்னல் கிடையாது. ஒருவனுக்கு இருமல் வந்தால் மற்றவர்கள் அதே காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும். ஃபவுண்டரி மணலின் நுண்ணிய தூசி வருஷக்கணக்காய் நுரையீரலில் படிந்தவர்களுக்கு டிபி வருகிற ஆபத்து இன்னும் அதிகம்.

இது வெளியூர்க்காரன் கொண்டுவந்த வியாதி என்று யாரும் சொல்லக்கூடாது. 1968-ல் தொடங்கின பெரிய பிசிஜி தடுப்பூசி ஆராய்ச்சி, அப்போது செங்கல்பட்டு மாவட்டமாயிருந்த நம்முடைய திருவள்ளூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில்தான் நடந்தது. இங்கே டிபி அவ்வளவு அதிகமாக இருந்தது! நம் தாத்தா பாட்டிமார் கைநீட்டி ஊசி போட்டுக்கொண்டவர்கள்.

அதற்கும் முன்னே 1956-ல் சென்னையில் டிபி ஆராய்ச்சி மையம் ஒன்று துவங்கியது. அந்நாட்களில் டிபி வந்தால் தாம்பரம் சானட்டோரியம் போன்ற இடத்தில் மாதக்கணக்காய்ப் படுக்க வேண்டும். படுக்கை கிடைக்காதவன் கதி? அந்த மையத்தார் ஒரு கூட்டத்தாருக்குச் சானட்டோரியத்திலும், இன்னொரு கூட்டத்தாருக்கு அவரவர் வீட்டிலும் அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. ஏழைக் குடிசையில் இருந்தாலும், சாப்பாடு குறைவாயிருந்தாலும், மருந்தை ஒழுங்காய்ச் சாப்பிட்டவர்கள் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். உலகமெங்கும் டிபி வைத்தியத்தையே மாற்றின செய்தி நம்முடைய சென்னையிலிருந்து போனது!

இன்றைக்குச் சாதாரண டிபிக்கு ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின்பு நான்கு மாதம் மூன்று மருந்துகள். அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். அப்படியானால் நம்முடைய காணிக்கைக்கு என்ன வேலை? கவனமாய் வாசியுங்கள்.

2. முதலாவது, அவனுக்கு உரியதை வாங்கிக் கொடுங்கள்

சிலர், "அரசாங்கம்தான் எல்லாம் கொடுக்குதே பாஸ்டர், நாம எதுக்கு?" என்கிறார்கள். வேறு சிலர் அரசாங்கத்தை ஒரு வார்த்தை கேட்காமலே சொந்தப் பணத்தைக் கொட்டுகிறார்கள். இரண்டும் சரியல்ல. ஒரு வியாதியஸ்தனைச் சந்தித்தால் முதலில் மூன்று காரியங்களை விசாரியுங்கள்.

ஒன்று, ஈஎஸ்ஐ. அவன் பேரில் சந்தா கட்டப்பட்டிருக்கிறதா? இரண்டு வருஷம் தொடர்ந்து காப்பீட்டில் இருந்து, சந்தா நாட்களும் சரியாயிருந்தால், டிபி போன்ற நீண்ட வியாதிக்குச் சம்பளத்தில் 80 சதவிகிதம் வரை, இரண்டு வருஷம் வரைக்கும் நீட்டிக்கிற உதவித்தொகை உண்டு. இது தெரியாமல் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு ரயில் ஏறுகிறவர்கள் உண்டு. கான்ட்ராக்டில் இருக்கிறவன் பேரில் சந்தாவே கட்டப்படாதிருந்தால் அதையும் கேட்க வேண்டும்.

இரண்டு, உணவுக்கான பணம். நிக்ஷய் போஷண் திட்டத்தில் 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் நேராய் வங்கிக் கணக்கில் போடப்பட்டு வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய். ஆனால் வெளியூர்ப் பிள்ளைக்கு வங்கிக் கணக்கு எங்கோ இருக்கும், ஆதார் எங்கோ இருக்கும். பாஸ்புக்கைக் கையிலெடுத்து அவனோடுகூட ஆஸ்பத்திரிக்கும் பாங்க்குக்கும் நடக்கிறதும் தர்மம்தான். அதற்குப் பணம் தேவையில்லை, அரைநாள் போதும்.

மூன்று, கம்பெனிகளின் பங்கு. 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-ம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் வைத்த வரம்பின்படி 500 கோடி சொத்து மதிப்பு, அல்லது 1000 கோடி விற்பனை, அல்லது 5 கோடி லாபம் உள்ள கம்பெனி, கடந்த மூன்று வருஷத்துச் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். பசி, சத்துக்குறைவு, சுகாதாரம் ஆகியவை அந்தப் பட்டியலின் முதல் வரியிலேயே இருக்கின்றன. கம்பெனி இருக்கிற சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே ஊர்ப் பெரியவர்கள் மனு எழுதிக் கேட்பதில் வெட்கமில்லை. ஆனால் சிறிய பட்டறைகள் இந்த வரம்புக்குள் வருவதில்லை. அங்கே வேலை செய்கிறவனுக்கு அக்கம்பக்கத்தார்தான் துணை.

3. மிஞ்சியிருக்கிற குறைவு: சாப்பாடு

மருந்து இலவசம். ஆனால் நாட்கூலி நின்றுபோனவன் வீட்டில் அடுப்பு எரியுமா? இதைக் குறித்து ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. நம்முடைய சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் அதில் பங்குபெற்றார்கள். 2,800 வியாதியஸ்தருக்கு மாதந்தோறும் உணவுப் பை கொடுக்கப்பட்டது. அவர்களுடைய வீட்டாரில் ஒரு பகுதியினருக்கும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுக்கப்பட்டது. 2023-ல் முடிவு வந்தது. உணவு பெற்ற வீட்டாருக்குள் புதிதாய் டிபி வருவது 39 சதவிகிதம் குறைந்தது! முதல் இரண்டு மாதத்தில் 5 சதவிகிதம் எடை ஏறின வியாதியஸ்தருக்குள் சாவின் ஆபத்து 61 சதவிகிதம் குறைவாயிருந்தது.

1959-ம் வருஷத்துப் பாடத்தையும் இதையும் சேர்த்துப் படியுங்கள். மருந்து இல்லாமல் சோறு மட்டும் டிபியைக் குணமாக்காது. மருந்தோடு சோறும் சேர்ந்தால் மரணமும் குறைகிறது, வீட்டுப் பிள்ளைகளும் தப்புகிறார்கள்.

இதே காரியத்துக்காக 2022 செப்டம்பர் 9-ம் தேதி ஜனாதிபதி திரௌபதி முர்மு அவர்கள் நிக்ஷய் மித்ரா ஏற்பாட்டைத் துவக்கி வைத்தார்கள். தனி மனிதரோ, சங்கமோ, கம்பெனியோ, தொண்டு நிறுவனமோ பெயரைப் பதிந்து, சம்மதம் கொடுத்த வியாதியஸ்தருக்கு மாதந்தோறும் உணவுப் பை கொடுக்கலாம். பெரியவருக்குச் சொல்லப்பட்ட அளவு: 3 கிலோ தானியம், ஒன்றரை கிலோ பருப்பு, 250 கிராம் எண்ணெய், 1 கிலோ பால் பவுடர் அல்லது வேர்க்கடலை. முட்டை சாப்பிடுகிறவருக்கு 30 முட்டையும் சேர்க்கலாம். இது நம்மால் கூடாத காரியமா?

4. வாரந்தோறும், சிறுகச் சிறுக

எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகப் பவுல் பணம் சேர்த்தபோது என்ன சொன்னார்? 1 கொரிந்தியர் 16-ஐத் திறந்து பாருங்கள். நான் வருகிற அன்று அவசரமாய் வசூல் வேண்டாம், ஒவ்வொருவரும் தன் வரவுக்குத் தக்கதை வாரத்தின் முதல் நாளில் எடுத்து வையுங்கள் என்பது அவர் யோசனை. உணர்ச்சிவசப்பட்டு ஒரே நாளில் கொட்டுகிறதை அவர் கேட்கவில்லை. நம்முடைய தாய்மார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்களே, அதே வழி. மிசோரம் சபைப் பெண்கள் 1910-ல் துவங்கின பிடி அரிசிக் காணிக்கை இன்றைக்கும் நிற்கிறது.

கணக்குப் போடுங்கள். 25 வீடு, வாரம் 20 ரூபாய். ஒரு வாரத்துக்கு 500. ஆறு மாதத்தில் 26 வாரம், ஆக 13,000 ரூபாய். உங்கள் ஊர் மளிகைக் கடையில் விலை கேட்டு, இதில் எத்தனை பேருக்கு ஆறு மாதமும் பை கொடுக்க முடியும் என்று முதலிலேயே தீர்மானியுங்கள். மூன்று பேருக்கு ஆறு மாதம் கொடுப்பது, பதினெட்டு பேருக்கு ஒரு மாதம் கொடுப்பதைப் பார்க்கிலும் நல்லது.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லுகிறேன்? ஒடிசாவிலிருந்து வந்த ஒரு வாலிபனை எனக்குத் தெரியும். முதல் மாதம் ஒரு கூட்டத்தார் வந்து, பை கொடுத்து, சால்வை போட்டு, போட்டோ பிடித்துக்கொண்டு போனார்கள். மறு மாதம் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றது. கையில் காசில்லை. "ஒடம்பு சரியாயிடுச்சு அண்ணா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் உலைக்கு முன்னே நின்றான். மாத்திரை வாங்கப் போக லீவு கிடைக்கவில்லை. ஒரு நாள் அறை பூட்டியிருந்தது, ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள்.

பாருங்கள், இரண்டாம் மாதத்தில்தான் ஆபத்து. பாதியில் நிறுத்தினால் வியாதி திரும்பும், மருந்துக்கு அடங்காத டிபியாகவும் மாறக்கூடும். கொரிந்து சபையாரும் ஆசையாய்த் தொடங்கி ஒரு வருஷம் கழித்தும் முடிக்காமல் இருந்தார்கள். தொடங்கினதை முடியுங்கள் என்றுதான் பவுல் 2 கொரிந்தியர் 8-ல் நினைப்பூட்டுகிறார். ஊருக்குப் போகிறவன் போகுமுன் ஆஸ்பத்திரியில் சொன்னால், அவன் பதிவை அந்த ஊருக்கு மாற்றிக் கொடுப்பார்கள், அங்கேயே மருந்து கிடைக்கும். பை கொண்டுபோகிறவர்கள் இதைக் கட்டாயம் அவனுக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொரு வார்த்தை, நம்மவர்களுக்கு. ஜெபம் பண்ணினோம், சுகமாயிற்று என்று மாத்திரையை நிறுத்தச் சொல்லாதிருங்கள். ஜெபியுங்கள், கூடவே இன்றைய மாத்திரையைப் போட்டாயா என்றும் கேளுங்கள். நிறுத்தலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

5. பந்தியில் விடப்பட்டவர்கள் யார்?

அப்போஸ்தலர் 6-ல் முதல் சபைக்குள்ளேயே ஒரு முறுமுறுப்பு வந்தது. பணமும் இருந்தது, பந்தியும் இருந்தது. ஆனால் கிரேக்க பாஷைக்கார விதவைகள் கவனிக்கப்படவில்லை. தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களைப் படியுங்கள், எல்லாம் கிரேக்கப் பெயர்கள்! விடப்பட்டவர்களின் பாஷை தெரிந்தவர்களிடத்தில் பொறுப்பு கொடுக்கப்பட்டது.

நமக்கும் இதே பாடம். நம்முடைய பட்டியலில் நம் தெருக்காரர், நம் சபையார் பெயர் மட்டும் இருந்தால் அது தர்மமாகாது. இந்தியோ ஒடியாவோ பேசுகிற ஒரு சகோதரனைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் கூட்டத்துக்கு வந்தால்தான் பை என்று எந்த நிபந்தனையும் வைக்காதீர்கள். முதலில் யாருக்கு? மிகவும் மெலிந்தவன், மூச்சு வாங்குகிறவன், பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடியாதவன். 2022-ல் தமிழ்நாட்டில் துவங்கின காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இப்படிப்பட்டவர்களைத்தான் முதலில் கண்டுபிடித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கிறது. அப்படி ஒருவனைக் கண்டால் பையோடு நிற்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

6. கணக்கும் மரியாதையும்

பவுல் அந்தப் பணத்தைத் தனியாய்க் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரைக் கூட அனுப்பினார். ஒருவரும் குறைசொல்ல இடமிருக்கக்கூடாது என்பதே காரணம். அப்போஸ்தலனுக்கே அது தேவையென்றால் நமக்கு எவ்வளவு அதிகம்!

ஆகவே இந்தப் பணம் பாஸ்டர் கையில் இருக்க வேண்டாம். இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிற தனிக் கணக்கு, ஒரு நோட்டு, கடை ரசீது. மாதம் ஒருமுறை வரவு செலவை வாசியுங்கள். தொகையை வாசியுங்கள், வியாதியஸ்தன் பெயரை வாசிக்காதீர்கள்! ஜெபக் குறிப்பில்கூட வேண்டாம். டிபி என்று தெரிந்தால் வாடகை அறை போகும், வேலை போகும், பெண்பிள்ளைக்குச் சம்பந்தம் நின்றுபோகும். பை சாதாரண மளிகைப் பையாயிருக்கட்டும். போட்டோ வேண்டாம். அவன் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தால் மட்டும் கொடுங்கள்.

வீட்டுக் கூட்டங்களில் பேசிப் பார்க்க:

1. நம் தெருவிலோ, நம் வாடகை அறைகளிலோ இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் உண்டா? அவரைச் சளிப் பரிசோதனைக்கு யார் கூட்டிப் போவது?

2. நம்மில் ஈஎஸ்ஐ, பாங்க் காரியங்கள் தெரிந்தவர் யார்? வாரம் அரைநாள் கொடுக்க முடியுமா?

3. எத்தனை பேருக்கு ஆறு மாதமும் கொடுக்க நம்மால் கூடும்? அந்த எண்ணிக்கை ஒன்றாயிருந்தாலும் சரி, அந்த ஒருவரோடு கடைசி மாத்திரை வரைக்கும் நில்லுங்கள்.